மாரியில் கட்டிலை நனைக்கும் பூனைகள்

கேள்வி: ஐயா, நாங்கள் திருகோணமலை உப்புவெளியில் வசிக்கிறோம். கடந்த ஆகஸ்ட் மாதம், கடற்கரையில் கவிழ்த்து வைத்திருந்த வள்ளத்தின் கீழ் தாயில்லாமல் கிடந்த இரண்டு பூனைக்குட்டிகளை என் மகள் தூக்கி வந்தாள். அப்போது அவற்றுக்கு ஐந்து வாரம் இருக்கும் என்றார்கள். ஒன்று கடுவன், மற்றது பெட்டை. மழை தொடங்கும் வரை வளவு மணலிலேயே எல்லாவற்றையும் முடித்துவிட்டு வந்தவை, இப்போது கட்டிலிலும் துணிக்கூடையிலும் சிறுநீர் கழிக்கின்றன. சாமியறைத் திரைச்சீலையிலும் ஒரு முழ உயரத்தில் மஞ்சள் கறை வடிந்திருக்கிறது. செற்றியைக் கிழிக்கின்றன, மீன் சட்டியைத் தட்டிவிடுகின்றன, மகளின் கையையும் காலையும் கடிக்கின்றன. பெட்டை இரண்டு நாட்களாக இரவு முழுவதும் தரையில் உருண்டு உருண்டு கத்துகிறது. கணவர் தும்புத்தடியால் அடித்துப் பார்த்துவிட்டார். மாமி, சாக்கில் கட்டி மீன் சந்தையில் விட்டுவிட்டு வரச் சொல்கிறார். நாயைப் பழக்கலாம், பூனையைப் பழக்க முடியாது என்று எல்லோரும் சொல்கிறார்கள். உண்மைதானா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பூனை அட்டகாசம் செய்கிறது, என்ன மருந்து கொடுக்கலாம் என்று ஒற்றை வரியில் கேட்பவர்களே அதிகம். நீங்கள் அப்படிக் கேட்கவில்லை. மழைக்கு முன் வளவு மணல் என்றும், திரைச்சீலையில் ஒரு முழ உயரம் என்றும், பெட்டை தரையில் உருள்கிறது என்றும் கவனித்து எழுதியிருக்கிறீர்கள். நோயாளி வாய்திறந்து சொல்ல முடியாத தொழில் எங்களுடையது என்பதால், வீட்டுக்காரர் கண்டு சொல்லும் இத்தகைய சின்னச் சின்ன விவரங்களை வைத்தே பாதி முடிவுக்கு வருகிறோம். உங்கள் வீட்டில் நடப்பவை ஒரே அட்டகாசமாகத் தோன்றினாலும், அவை வெவ்வேறு காரணங்களால் எழுந்த வெவ்வேறு சிக்கல்கள். அவற்றில் ஒன்றுகூட உங்கள் மீதுள்ள வன்மத்தால் வந்ததல்ல.

நீங்கள் கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பூனையைப் பழக்க முடியும். விலங்குகள் எப்படிக் கற்கின்றன என்பதை ஆய்வுகூடத்தில் முறையாக அளந்து பார்த்த முன்னோடிகளுள் ஒருவரான எட்வர்ட் தோர்ண்டைக் என்ற அமெரிக்கர், 1898 ஆம் ஆண்டு வெளியிட்ட தமது ஆய்வுக்குப் பெரும்பாலும் பூனைகளையே பயன்படுத்தினார். பசித்த பூனையை மரப்பெட்டிக்குள் அடைத்து, வெளியே மீன்துண்டு ஒன்றை வைத்தார். பூனை முதலில் கம்பிகளைப் பிறாண்டியது, கடித்தது, இடுக்கில் உடலை நுழைக்கப் பார்த்தது. அந்தப் பரபரப்பில் தற்செயலாகக் கயிற்று வளையத்தை இழுத்தபோது கதவு திறந்தது. மீண்டும் மீண்டும் அதே பெட்டியில் விட்டபோது, பயனற்ற செயல்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்து, இறுதியில் உள்ளே விட்டவுடனேயே வளையத்தை இழுத்துத் திறக்கும் நிலைக்கு வந்தது. பலன் தந்த செயல் நிலைக்கிறது, பலன் தராத செயல் தேய்கிறது என்பதே அவர் கண்ட விதி. நமது கோட்டை வாசலில் நிற்கும் புள்ளிமான்கள் கோணேசர் கோவிலுக்குப் போகிறவர்களின் கைப்பையை மோந்து பார்க்கப் பழகியதும் இந்த விதிப்படியே. அவற்றை யாரும் உட்கார வைத்துக் கற்பிக்கவில்லை.

நாய்க்கும் பூனைக்கும் இதில் ஒரு வேறுபாடு உண்டு. எசமானின் முகம் மலர்ந்தாலே பல நாய்களுக்குப் போதும். பூனைக்குக் கூலி கைமேல் வேண்டும். அதுவும் செயல் முடிந்து ஓரிரு வினாடிக்குள் வேண்டும். தண்டனைக்கும் இதே கணக்குத்தான். காலையில் நனைத்த கட்டிலுக்கு மாலையில் அடி விழுந்தால், அந்த இரண்டையும் இணைத்துப் பார்க்கும் வழி பூனைக்கு இல்லை. அது கற்றுக்கொள்வது, இந்த மனிதர் வீட்டுக்குள் வரும் நேரம் ஆபத்தான நேரம் என்பதை மட்டுமே. கையும் களவுமாகப் பிடித்து அடித்தாலும் நிலைமை பெரிதாக மாறாது. அவர் இருக்கும்போது செய்யக்கூடாது, அலுமாரிக்குப் பின்னால் ஒளிந்து செய்ய வேண்டும் என்ற பாடமே அதற்குப் போய்ச் சேரும். மூக்கைப் பிடித்துச் சிறுநீரில் தேய்ப்பதும், தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பதும் இதே வகைதான். உங்கள் கணவரின் கோபம் எனக்குப் புரிகிறது. ஈர மெத்தையில் படுத்தவருக்குத்தான் அதன் அருமை தெரியும். ஆனாலும் தும்புத்தடியைக் கூட்டுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அச்சப்படும் பூனை கண்ட இடத்தில் சிறுநீர் கழிப்பது அதிகரிக்குமே தவிரக் குறையாது.

பழக்கத் தொடங்குமுன் நோய் இல்லை என்பதை உறுதி செய்ய வேண்டும். கடுவன் அடிக்கடி மூலையில் குந்துகிறதா, முக்குகிறதா, சில துளிகள் மட்டும் வருகின்றனவா, சிறுநீரில் இரத்தம் தெரிகிறதா, குறியை ஓயாமல் நக்குகிறதா என்று கவனியுங்கள். ஆண் பூனையின் சிறுநீர்வழி மிகவும் குறுகலானது. அது அடைபட்டால் இரண்டு மூன்று நாட்களுக்குள் உயிரே போகலாம். எனவே முக்கியும் சிறுநீர் வராத பூனையை மறுநாள் பார்க்கலாம் என்று வைத்திருக்காமல், அன்றே வைத்தியரிடம் கொண்டு போங்கள். வலிக்குப் பனடோல் கொடுக்கும் வழக்கம் நம் வீடுகளில் இருப்பதால் இதையும் எழுதுகிறேன்: பனடோலிலுள்ள பரசிட்டமோலைச் சிதைத்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு, ஒரேயொரு மாத்திரைகூட ஒரு பூனையைக் கொல்லப் போதுமானது.

நோய் இல்லை என்று வைத்துக்கொண்டு, சிறுநீர் விடயத்துக்கு வருகிறேன். உங்கள் வீட்டில் நடப்பவை இரண்டு வேறு செயல்கள். கட்டிலிலும் துணிக்கூடையிலும் இருப்பது, குந்தியிருந்து முழுதாகக் கழித்த சிறுநீர். பூனைக்குக் கழிப்பிடம் போதவில்லை என்பதன் அடையாளம் அது. திரைச்சீலையில் ஒரு முழ உயரத்திலிருந்து வடிந்திருப்பது, நின்றபடி வாலை நிமிர்த்தி, வால்நுனி நடுங்க, பின்புறமாகத் தெளித்த சிறுநீர். அது கழிப்பதற்காகச் செய்யப்பட்டதல்ல. இது என் இடம் என்று எழுதி ஒட்டுவதற்காகச் செய்யப்பட்டது. முதலாவதற்கு மருந்து மணல், இரண்டாவதற்கு மருந்து சத்திரசிகிச்சை. இரண்டையும் ஒன்றாக எண்ணி ஒரே வழியில் தீர்க்க முயல்வதால்தான் பல வீடுகளில் வெற்றி கிடைப்பதில்லை.

முதலாவதை எடுத்துக்கொள்வோம். மென்மையான, தோண்டக்கூடிய, ஈரத்தை உறிஞ்சக்கூடிய இடத்தைத் தேடுவது பூனையின் பிறவிக்குணம். உப்புவெளி வளவுகளில் இருப்பது அதற்கென்றே இட்டதுபோன்ற உலர்ந்த மணல். அதனால் ஆகஸ்ட் முதல் மழை தொடங்கும் வரை உங்கள் குட்டிகளுக்கு யாரும் எதையும் கற்பிக்கத் தேவைப்படவில்லை. வாடைக்காற்றோடு மாரி தொடங்கி, வளவில் தண்ணீர் நின்று, மணல் இறுகிச் சேறானதும் அந்தக் கழிப்பிடம் இல்லாமற்போனது. வீட்டுக்குள் மென்மையானதும் உறிஞ்சக்கூடியதுமான வேறு பொருள் எது என்று பூனை தேடியபோது, மெத்தையும் அழுக்குத்துணியும் அகப்பட்டன. பூனையின் பக்கத்தில் நின்று பார்த்தால் அது கிடைத்ததற்குள் நல்ல இடத்தையே தேர்ந்திருக்கிறது.

ஆகவே அந்த மணலை வீட்டுக்குள் கொண்டு வாருங்கள். விளிம்பு தாழ்ந்த, அகலமான பிளாஸ்டிக் பேசின் போதும். மூக்கிலிருந்து வாலின் அடிவரை பூனையின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்காவது பேசினின் நீளம் இருக்க வேண்டும். இடம் போதாவிட்டால் முன்கால்களை உள்ளேயும் பின்பகுதியை வெளியேயும் வைத்துக் கழித்துவிட்டு, நல்ல பிள்ளையாக மணலை மூடிவிட்டுப் போகும். மூன்று விரல் ஆழத்துக்கு மணல் இடுங்கள். கடையில் விற்கும் வாசனை சேர்த்த களிமண் உருண்டைகளைத் தேடி அலைய வேண்டாம். உங்கள் பூனைகள் பழகியது மணலில். சலித்து உலர்த்திய கட்டட மணலே அவற்றுக்குப் பிடித்தமானதாக இருக்கும். கடற்கரை மணல்தான் கிடைக்கிறது என்றால் நன்றாக அலசி உப்பை நீக்கி, வெயில் எறிக்கும் நாளில் காயவைத்துச் சாக்கில் கட்டிச் சேமித்துக்கொள்ளுங்கள். மாரி முடியும் வரை அது தேவைப்படும்.

எத்தனை பேசின் என்பதில்தான் எல்லோரும் என்னோடு வாதிடுகிறார்கள். பூனைகளின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டிக்கொள்வது எங்கள் வழக்கம். இரண்டு பூனைக்கு மூன்று. மூன்றையும் ஒரே இடத்தில் வரிசையாக அடுக்கினால் பூனையின் கணக்கில் அது ஒன்றுதான், ஏனென்றால் ஒன்று வாசலில் படுத்து மறித்தால் மற்றதால் மூன்றுக்குமே போகமுடியாது. ஒன்றை இப்போது நனைக்கும் கட்டிலறையிலேயே வையுங்கள். மற்றொன்று பின் விறாந்தையில் மழைச்சாரல் படாத இடத்திலும், இன்னொன்று கூடத்தின் அமைதியான மூலையிலும் இருக்கட்டும். உணவுத்தட்டுக்கு அருகிலோ, திடீரென்று இரையும் சலவை இயந்திரத்துக்குப் பக்கத்திலோ வேண்டாம். கட்டிலறையில் மணலா என்று மாமி முகம் சுளிக்கக்கூடும். பூனை ஒழுங்காகப் பயன்படுத்தத் தொடங்கிய பின், அந்தப் பேசினை நாளுக்கு ஓரடியாக நகர்த்தி விறாந்தைக்குக் கொண்டு போய்விடலாம்; முதல் நாளே தூக்கி வெளியே வைத்தால் பூனை கட்டிலுக்கே திரும்பும்.

காலையிலும் மாலையிலும் அள்ளிச் சுத்தம் செய்யுங்கள். வாரம் ஒருமுறை மணல் முழுவதையும் மாற்றி, பேசினைச் சவர்க்காரமும் தண்ணீரும் கொண்டு கழுவுங்கள். டெட்டோல், பீனோல் கலந்த தரை கழுவும் திரவங்கள் ஆகியவற்றைப் பேசினுக்கும் வேண்டாம், பூனை நடமாடும் தரைக்கும் வேண்டாம். பாதத்தில் ஒட்டியதை நக்கும்போது அவை பூனைக்கு நஞ்சாகும். வீட்டில் கர்ப்பிணிகள் இருந்தால் மணல் அள்ளும் வேலையை வேறொருவர் செய்யட்டும். பூனை மலத்திலிருந்து பரவக்கூடிய தொக்சோபிளாசுமா என்ற கிருமி, வெளியேறி ஒரு நாளேனும் கழிந்த பின்பே தொற்றும் தன்மை பெறுவதால், அன்றன்றே அள்ளிவிடும் வீட்டில் ஆபத்து வெகுவாகக் குறைகிறது.

பேசினை வைத்தால் மட்டும் போதாது, நனைந்த இடத்தின் வாசனையும் போக வேண்டும். நமது மூக்குக்கு மணம் போய்விட்டது என்பது பூனையின் மூக்குக்குச் செல்லாது. என்சைம் சேர்ந்த சலவைத்தூளை இளஞ்சூட்டு நீரில் கரைத்து, கறையின் விளிம்புக்கு அப்பாலும் நனையும்படி ஊற்றி, சிறிது நேரம் ஊறவிட்டு, ஒற்றி எடுத்து, வெறும் தண்ணீரால் மீண்டும் அலசுங்கள். அமோனியா கலந்த திரவங்கள் சிறுநீரின் வாசனையையே ஒத்திருப்பதால் பூனையை மறுபடி அழைக்கும். குளோரின் வெளிற்றியைச் சிறுநீரின் மேல் ஊற்றினால் மூச்சை அடைக்கும் வாயு உண்டாகும். மெத்தை காய்வதற்கு நல்ல வெயில் வேண்டும். அது கிடைக்கும் வரை மெத்தையின் மேல் தடித்த பிளாஸ்டிக் விரிப்பு ஒன்றைப் போட்டு, பகலில் அறைக் கதவை மூடி வையுங்கள். அந்த நேரங்களில் அறையிலிருக்கும் பேசினைக் கதவுக்கு வெளியே வைக்க மறக்க வேண்டாம்.

குட்டிகள் உண்ட பின்பும், தூங்கி எழுந்த பின்பும் கழிப்பிடம் தேடும். அந்த வேளையில் மெதுவாகத் தூக்கிப் பேசினருகே விடுங்கள். காலைப் பிடித்து மணலைத் தோண்டிக் காட்ட வேண்டியதில்லை. பெரும்பாலான பூனைகளுக்கு அது எரிச்சலையே தரும். தானாகக் கழித்து, மூடி, வெளியே காலை வைத்த அந்தக் கணத்தில் ஒரு துணுக்கு அவித்த மீனைக் கொடுங்கள். கழித்துக்கொண்டிருக்கும்போது புகழ்ந்து கூப்பிட்டால் பாதியில் எழுந்து ஓடிவரும்.

இனித் திரைச்சீலை. இந்தக் குட்டிகளுக்கு இப்போது ஐந்தாறு மாதம் ஆகியிருக்கும். கடுவன் பருவமடைந்து எல்லை குறிக்கத் தொடங்கியிருக்கிறது. நீங்கள் பெட்டையின் சேட்டையாக எழுதியிருக்கும் உருளலும் கத்தலும் சேட்டையே அல்ல. பெட்டை வேட்கைக்கு வந்திருக்கிறது. முதுகைத் தாழ்த்திப் பின்புறத்தை உயர்த்தி, வாலை ஒருபக்கம் ஒதுக்கி நிற்கிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் சந்தேகமே இல்லை. அதன் வாசனைக்கு அயல் கடுவன்கள் மதிலேறி வரும், அவற்றைக் கண்டு உங்கள் கடுவன் இன்னும் தெளிக்கும். நம்மைப்போல ஆண்டு முழுவதும் பகல்நேரம் பெரிதாக மாறாத நாடுகளில், சினைப்படாத பெட்டை சில வார இடைவெளிகளில் மீண்டும் மீண்டும் வேட்கைக்கு வரும். உடன்பிறந்தவை என்ற எண்ணம் பூனைகளுக்குக் கிடையாது. ஏறத்தாழ ஒன்பது வாரச் சினைக்காலம் என்பதால், இப்போது அசட்டையாக இருந்தால் அடுத்த ஆண்டின் முதல் மாதங்களில் உங்கள் வீட்டில் பூனைகளின் எண்ணிக்கை ஆறாகவோ ஏழாகவோ இருக்கும். இதற்கு எந்தப் பழக்கமும் பயிற்சியும் ஈடாகாது. இரண்டுக்கும் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்துவிடுங்கள். கடுவன்களில் மிகப் பெரும்பாலானவை அதன் பின் தெளிப்பதை நிறுத்திவிடும். பழக்கம் வேரூன்றுமுன் செய்தால் பலன் இன்னும் உறுதியாகும். பாவம் என்று தயங்குகிறவர்கள் மீன் சந்தையில் எலும்பும் தோலுமாகத் திரியும் குட்டிகளை ஒருமுறை போய்ப் பார்க்கலாம்.

மீன் சட்டி விடயத்தில் மாமியின் பெயரையும் சேர்க்க வேண்டியிருக்கிறது. அவர் மன்னிக்க வேண்டும். மீன் வெட்டும்போது காலைச் சுற்றிக் கத்தும் பூனைக்கு ஒரு சூடைத் தலையை எறிவது நம் வீடுகளில் எல்லோருக்கும் இயல்பாக வரும் செயல். ஒருநாள் எறிகிறோம், மறுநாள் விரட்டுகிறோம், அதற்கடுத்த நாள் மறுபடி எறிகிறோம். ஒவ்வொரு முறையும் கிடைக்கும் கூலி நின்றுவிட்டால் முயற்சியும் விரைவில் நின்றுவிடும். எப்போதாவது கிடைக்கும் கூலிக்காகப் பூனை எத்தனை நாளும் சலிக்காமல் கத்தும். சட்டியைத் தட்டிக் கவிழ்த்த அன்று கிடைத்த அறக்குளாத் துண்டு, பல வாரங்களுக்குத் தேவையான உற்சாகத்தை அதற்குக் கொடுத்திருக்கும். ஆகவே குசினியில் முதல் வேலை பூனையைத் திருத்துவதல்ல. கூலி கிடைக்கும் வழியை அடைப்பதுதான்: மீனை மூடியில்லாமல் ஒரு நிமிடமும் வைக்காதீர்கள், கழுவும் தொட்டியில் எச்சில் தட்டுகளை விடாதீர்கள், அடுப்படியில் நின்று யாரும் எதையும் எறியாதீர்கள்.

இரண்டாவது வேலை, அது இருக்கத்தக்க வேறோர் உயரமான இடத்தைக் காட்டுவது. மேலே ஏறி நின்று பார்ப்பது பூனையின் இயல்பு. எங்கும் ஏறாதே என்பதை அது கற்காது, இங்கே ஏறு என்பதைக் கற்கும். குசினி வாசலுக்கு வெளியே ஒரு பழைய வாங்கையோ உயரமான முக்காலியையோ போடுங்கள். பசியோடு இருக்கும் வேளையில், உணவுக்குச் சற்று முன், உங்கள் மகளைக்கொண்டே இதைச் செய்விக்கலாம். ஒரு கரண்டிக் காம்பைப் பூனையின் மூக்குக்குச் சற்றுத் தள்ளி நீட்டட்டும். மோந்து பார்க்க மூக்கு காம்பில் பட்ட அக்கணமே நாக்கால் ஒருமுறை சொடுக்கிவிட்டு, நகக்கண் அளவு அவித்த மீனைக் கொடுக்கட்டும். சில தடவைகளில், சொடுக்கு என்றால் கூலி என்பது பூனைக்கு விளங்கிவிடும். பிறகு காம்பை முக்காலிக்கு மேலே பிடித்தால், மூக்கால் தொடுவதற்காக முன்கால்களை வைக்கும், சொடுக்கு, மீன். அடுத்து முழுதாக ஏறும், சொடுக்கு, மீன். அதன் பின் ஏறி அமர்ந்தால் மட்டும், பிறகு சிறிது நேரம் அமர்ந்திருந்தால் மட்டும் என்று கூலியின் நிபந்தனையை மெல்ல உயர்த்துங்கள். ஒரு தடவைக்கு இரண்டு மூன்று நிமிடங்களுக்கு மேல் வேண்டாம். பூனை முகத்தைத் திருப்பிக்கொண்டு தன்னை நக்கத் தொடங்கினால் வகுப்பு முடிந்தது. மாமிக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்றிருந்தால், முக்காலியில் அமர்ந்திருக்கும் பூனைக்கு, அவித்து முள் நீக்கி, உப்பில்லாமல், அங்கேயே கொண்டுபோய்க் கொடுக்கட்டும். அவருடைய அன்பும் குறையாது, பூனையின் ஒழுக்கமும் கெடாது.

பச்சை மீனை அன்றாட உணவாகக் கொடுக்க வேண்டாம் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். பச்சை மீன்கள் பலவற்றில் தயமின் என்ற உயிர்ச்சத்தை அழிக்கும் பொருள் இருக்கிறது. அவித்தால் அந்த அழிக்கும் பொருள் செயலிழந்துவிடும். தொடர்ந்து பச்சை மீனை மட்டுமே தின்னும் பூனை தள்ளாடவும் வலிப்பு வரவும் கூடும். அவித்ததானாலும் மீன் மட்டுமே போதாது, முட்டை, கோழி, ஈரல் ஆகியவையும் மாறி மாறி வேண்டும். வெங்காயமும் உள்ளியும் சேர்ந்த கறிக்குழம்பு வேண்டவே வேண்டாம்.

மகளைக் கடிப்பது பற்றி. குட்டிகள் தாயிடமும் உடன்பிறப்புகளிடமும் விளையாடும்போதுதான் எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்ற அளவைக் கற்கின்றன. அதனால் எட்டு வாரம், முடிந்தால் பன்னிரண்டு வாரம் வரை தாயோடு விடச் சொல்கிறோம். உங்கள் குட்டிகளுக்குத் தாய் இல்லாவிட்டாலும் ஒன்றுக்கொன்று துணை இருந்தது நல்வாய்ப்பு. மனிதரோடு பழகுவதற்கு உகந்த இரண்டு முதல் ஏழு வாரங்களுக்குள் மகளின் கைக்கு வந்ததும் நல்வாய்ப்பே. ஆனால் போர்வைக்குள் விரலை அசைத்துக் காட்டி விளையாட்டுக் காட்டியிருப்பாள் என்று நினைக்கிறேன். எல்லாப் பிள்ளைகளும் செய்வதுதான். அன்று பஞ்சுபோன்ற பற்கள், இன்று ஊசிகள். அசையும் கையும் காலும் இரை என்ற பாடத்தை இப்போது மாற்ற வேண்டும்.

கடித்தால் கையை வெடுக்கென்று இழுக்கக்கூடாது. இழுத்தால் இரை தப்புகிறது என்று இன்னும் இறுக்கும். அசையாமல் நின்று, பிடி தளர்ந்ததும் எழுந்து அறையைவிட்டுப் போய்விட வேண்டும். விளையாட்டு நின்றுபோவதே அதற்கான தண்டனை. அதற்கு ஈடாக நாள்தோறும் இரண்டு வேளை, நீண்ட குச்சியின் நுனியில் கட்டிய கோழியிறகை இழுத்து விளையாடட்டும். பதுங்கி, துரத்தி, பாய்ந்து, இறுதியில் பூனை அதைப் பிடிக்க விட வேண்டும். சுவரில் சிவப்பு ஒளிப்புள்ளியை ஓடவிடும் விளையாட்டுப் பொருளில் பிடிக்க எதுவுமில்லை என்பதால் எனக்கு அது உவப்பானதல்ல. விளையாடிய பின் நூலையும் கயிற்றையும் எடுத்து லாச்சிக்குள் பூட்டுங்கள். விழுங்கிய நூல் குடலை இழுத்துச் சுருக்கி அறுத்துவிடும். மாலை இருட்டும் வேளையில் இப்படி ஓடவிட்டு, அதன்பின் வயிறார உணவு கொடுத்தால் இரவில் வீடும் தூங்கும். அதையும் மீறி விடியற்காலையில் உணவுக்காகக் கத்தினால் எழுந்து கொடுக்காதீர்கள். சில நாட்கள் முன்னைவிட அதிகமாகவே கத்தும். அந்த நாட்களில் ஒருமுறை இரங்கினால், இவ்வளவு கத்தினால்தான் கிடைக்கும் என்று கற்றுக்கொள்ளும்.

தோல் கிழிந்து இரத்தம் வரும்படி கடித்தாலோ பிறாண்டினாலோ, ஓடும் தண்ணீரில் சவர்க்காரமிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அரச வைத்தியசாலைக்குப் போங்கள். நீர்வெறுப்பு நோய் பூனையாலும் பரவும். குட்டிகளுக்குத் தடுப்பூசி போட்டிருப்பதாக நீங்கள் எழுதவில்லை; போடவில்லை என்றால் இந்த வாரமே போடுங்கள்.

செற்றிக்கு எளிய வழி இருக்கிறது. நகத்தின் பழைய உறையைக் கழற்றவும், உடலை நீட்டி முறிக்கவும், பாதத்திலுள்ள சுரப்பிகளின் வாசனையைப் பதிக்கவும் பூனை பிறாண்டியே ஆக வேண்டும். முழுதாக நிமிர்ந்து கைநீட்டினாலும் எட்டாத உயரமுள்ள, சாய்த்தாலும் ஆடாத ஒரு தென்னங்குற்றியில் தும்புக் கயிற்றை நெருக்கமாகச் சுற்றி, கிழிபடும் செற்றிக் கைக்கு முன்னாலேயே நிறுத்துங்கள். செற்றியைச் சில வாரங்களுக்குத் தடித்த பிளாஸ்டிக்கால் மூடுங்கள். குற்றியில் கைவைக்கும்போதெல்லாம் ஒரு துணுக்கு மீன் கொடுங்கள். ஆடும் குற்றியைப் பூனை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பியும் பாராது. ஆகவே அடியை அகலமான பலகையில் அறைவதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

மாமி சொன்ன சாக்கு யோசனைக்கு நான் உடன்படவில்லை. வீட்டில் வளர்ந்த பூனைக்குச் சந்தையில் பிழைக்கத் தெரியாது. அங்கே ஏற்கனவே இருக்கும் கடுவன்கள் அதை நிற்கவும் விடா. நீங்கள் அகற்றிய இடத்துக்கு வளவின் எலிகளைத் தேடி வேறொரு பூனை வரும், அதற்கும் மணல் தேவைப்படும்.

சத்திரசிகிச்சைக்கு நாள் குறிக்குமுன், கூடைக்குப் பழக்கும் வேலையை இன்றே தொடங்குங்கள். பூனையைச் சாக்கில் போட்டு ஓட்டோவில் கொண்டு வருகிறவர்களுக்குக் கையில் காயமும், எங்களுக்கு மேசையில் போராட்டமுமே மிச்சம். மூடியுள்ள பிளாஸ்டிக் கூடை ஒன்றைக் கூடத்தில் திறந்தபடி வைத்து, உள்ளே அவை படுத்துறங்கும் பழந்துணியை இட்டு, ஒரு வேளை உணவை அதற்குள்ளேயே கொடுத்து வந்தால், ஓரிரு வாரங்களில் தாமாகவே அதில் போய்ப் படுக்கும். பிறகு மூடியைச் சில நொடிகள் மூடித் திறந்து, அடுத்தடுத்த நாட்களில் தூக்கி முற்றம் வரை நடந்து திரும்பிப் பழக்குங்கள். பெட்டையின் வேட்கை அடங்கும் வரை இரண்டையும் வெவ்வேறு அறைகளில் வைத்து, யன்னல்களையும் மூடி வையுங்கள். இயன்றால் இரண்டையும் ஒரே நாளில் கொண்டு வாருங்கள். ஒன்று மட்டும் மருந்து வாசனையோடு வீடு திரும்பினால், உடன்பிறந்ததே அதை அந்நியமென்று எண்ணிச் சீறிப் பாயக்கூடும்; அப்படி நடந்தால் ஓரிரு நாள் பிரித்து வைத்து, இரண்டின் படுக்கைத் துணிகளையும் மாற்றி மாற்றிப் போட்ட பின்பே மீண்டும் ஒன்றாக விடுங்கள்.